இரண்டு மில்லிமீற்றர்த் தகடு

அச்சுவேலி,
09.04.2024

மதிப்பிற்குரிய கலாநிதி பிரகலாதன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் பங்குனி பதினோராம் திகதியிட்டு அனுப்பிய பதிவுத் தபால் உரிய காலத்தில் என் கைக்குக் கிடைத்தது. பதில் எழுதுவதில் ஏற்பட்ட தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகின்றேன். தாமதத்துக்குக் காரணம் வேலைப்பளு அன்று. இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களும் அனுப்பத்தக்க மொழியில் அமையவில்லை.

தொலைபேசியை நான் எடுப்பதில்லை என்று குறைப்பட்டிருந்தீர்கள். மாசி மாதம் இருபத்தாறாம் திகதி, "அக்கா, நான் தந்த சாமான் முழுக்க உள்ளுக்கை போச்சுதா?" என்று கேட்டீர்கள். என்ன கருத்தில் கேட்கின்றீர்கள் என்றேன். "சும்மா கேட்டனான்" என்றீர்கள். இப்போது கடிதத்தில், அப்படி ஒரு கேள்வியே கேட்கவில்லை என்று எழுதியிருக்கின்றீர்கள். ஆகவே இனி நமக்கிடையில் எதுவாயினும் தாளில், திகதியோடும் கையொப்பத்தோடும் இருக்கட்டும்.

தங்கள் கேள்விக்கு வருகின்றேன். 2022ஆம் ஆண்டு மாசி மாதம் தாங்கள் முதன்முறை என் தொழிற்கூடத்துக்கு வந்தபோது நாங்கள் மீன்வலை மிதவைகளும் குழாய் மூடிகளும் செய்துகொண்டிருந்தோம். தாங்கள் விளக்கியது இது: ஒரு கருவியிலிருந்து வெளிவரும் மின்காந்த அலை அயலிலுள்ள கருவியைக் குழப்பாதிருக்க உலோகப் பெட்டி வேண்டியிருக்கிறது. பிளாஸ்ரிக்கினுள் காபன் நுண்குழாய்களைக் கலந்து தகடாக்கினால் பாரமும் குறையும், துருவும் பிடியாது. ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்துச் சூட்டு அழுத்தி பழுதாகிக் கிடக்கிறது, திருத்த ஆள் இல்லை என்று சொன்னீர்கள். நான் ஒப்புக்கொண்டேன். தாங்கள் வாங்கித் தந்த விலைகூடிய அந்தக் கறுப்பு நுண்குழாய்த் தூள் திரண்டு கட்டியாகாமல் பரவ வேண்டுமாயின் உருளையின் வேகத்தைப் பாதியாக்கி இரண்டு தரம் கலக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவள் நான். அந்தத் தகடுகளைப் பற்றித் தாங்கள் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையில் அது "நாம் கண்டறிந்தோம்" என்று இருக்கிறது. என் தொழிற்கூடமும் அங்கே இருக்கிறது, கடைசிப் பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில்: "தகடுகளை வெட்டித் தந்த உள்ளூர்த் தொழிற்கூடம் ஒன்றுக்கு நன்றி." வெட்டித் தந்த. அகராதியில் அந்த ஆங்கிலச் சொல்லை நான் இருமுறை பார்த்தேன்.

இவ்வாண்டு தை மாதம் தாங்கள் கேட்டபடி மீண்டும் செய்து அனுப்பிய இரண்டு மில்லிமீற்றர்த் தகடுகள் ஐந்தும் அதே பொலிப்புரொப்பிலீனில், அதே நூற்றுக்கு ஐந்து வீத நுண்குழாயோடு, அதே நூற்றுத் தொண்ணூறு பாகைச் சூட்டில் செய்யப்பட்டவை. முன்பு அலையை ஐம்பத்தெட்டு டெசிபெல் தடுத்த தகடு இப்போது ஏன் இருபத்தேழோடு நிற்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

மீதித் தூளைத் தகரப் பேணியில் அடைத்து, நிறையை மேலே எழுதி, இதே தபாலில் அனுப்பியிருக்கின்றேன். நிறுத்துப் பாருங்கள். பதிலை விரைவாக எதிர்பார்க்கின்றேன்.

இங்ஙனம்,
பொ. மகாதேவி


கண்டி,
22.04.2024

அன்புள்ள மகாதேவி அக்காவுக்கு,

கடிதமும் பேணியும் வந்து சேர்ந்தன. "கலாநிதி" என்று கும்பிட்டே ஆளை அடிக்க உங்களால்தான் முடியும். வழக்கம்போல உரும்பிராய்ப் பெடியன் என்று ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு நோகாது.

நிறுத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. ஆனால் அக்கா, நிறை எதையும் சொல்லாது. கரித்தூளும் பாரந்தான். உங்கள் பக்கம் பனங்கொட்டைக் கரி சுடாத ஊர் இருக்கிறதா? நீங்கள் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே உங்களோடு நிற்பவர்களும் இருக்கிறார்கள் அல்லவா. லவீனா எங்கேயாவது கொட்டிச் சிந்திவிட்டுப் பயத்தில் வேறெதையும் போட்டு நிரப்பியிருக்கலாம். மனிதருக்கு நடப்பதுதான்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். கொரியாவில் ஒரு குழு எங்கள் கட்டுரையைப் பார்த்து நான்கு தரம் செய்து பார்த்திருக்கிறது. நான்கு தரமும் முப்பதைத் தாண்டவில்லை. அவர்கள் சஞ்சிகைக்கு எழுதிவிட்டார்கள். பதிப்பாசிரியர் எனக்கு ஆடி முப்பத்தோராம் திகதி வரைதான் தவணை தந்திருக்கிறார். அதற்குள் விளக்கம் கொடுக்காவிட்டால் அவர்களே கட்டுரையை நீக்கிவிடுவார்கள், என்ன காரணம் போடுவார்களோ தெரியாது. என் பதவி உறுதியாவதும் இந்தக் கட்டுரையில்தான் தொங்குகிறது.

பெயர் விஷயம். கட்டுரையில் பெயர் போடுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது அக்கா. பட்டம் இல்லை, நிறுவனம் இல்லை என்றால் எந்த வரியில் உங்களைப் போடுவது? அப்போதே சொன்னேன். இப்போது பதிப்பாசிரியர் "மாதிரிகளைத் தயாரித்தவர் யார்" என்று நேரடியாகக் கேட்டிருக்கிறார். உங்கள் பெயரைக் கொடுத்தால் கேள்வியெல்லாம் உங்களிடம் வரும். அதை நான் விரும்பவில்லை. அதனால் என்ன நடந்தது என்று எனக்கு மட்டும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பிரகலாதன்


அச்சுவேலி,
02.05.2024

மதிப்பிற்குரிய கலாநிதி அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இடமில்லாதிருந்த என் பெயருக்கு இப்போது ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்று அறிந்தேன். ஐம்பத்தெட்டு டெசிபெல் தடுத்த தகட்டைச் செய்தவர் "நாம்". இருபத்தேழு தடுத்த தகட்டைச் செய்தவள் மகாதேவி. நல்ல ஒழுங்கு.

தங்கள் கடிதத்தை லவீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பெயர் அதில் இருப்பதால் அது அவளுக்கு உரிமை. பாசையூரில் மீன் விற்கும் தாய்க்குப் பிறந்தவள். பதினொரு ஆண்டுகளாக என் அழுத்தியை இயக்குகின்றாள். கேட்டுவிட்டுப் போய் மிதவை அச்சைத் துடைத்தாள். பிறகு திரும்பி வந்து, "உவர் எங்களைக் கள்ளர் எண்டு சொல்லிப்போட்டார். நீங்கள் இன்னும் வணக்கம் போட்டுத்தான் எழுதப் போறியள், என்ன?" என்றாள். ஆம், வணக்கம் போட்டுத்தான் எழுதுவேன் என்றேன். "அப்ப என்ரை வணக்கத்தையும் சேத்துப் போடுங்கோ" என்றாள். சேர்த்திருக்கின்றேன்.

எனக்குப் பட்டம் இல்லை. பதினோராம் வகுப்போடு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது தகப்பனாரின் தொழிற்கூடத்தில் கூரை இருக்கவில்லை. பொலிமர் எனப்படும் பல்பகுதிய இரசாயனத்தை யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்தில், சனிக்கிழமைகளில், என் கையால் பிரதி செய்து படித்தேன். தாங்கள் முதல்நாள் என்னிடம் "அக்கா, பொலிமர் எண்டால்…" என்று தொடங்கியபோது, தெரியும் என்று நான் இடைமறித்தேன் அல்லவா? அன்று தாங்கள் சிரித்தது மரியாதையால் என்று எண்ணியிருந்தேன்.

இருக்கட்டும். நிறை எதையும் சொல்லாது என்றீர்கள், அது உண்மை. சொல்லக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நான் அனுப்பிய ஐந்து தகடுகளிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, காற்றுப் புகாமல் நைதரசனில் சூடாக்குங்கள். பிளாஸ்ரிக் முழுவதும் ஆவியாகப் போய்விடும், காபன் எஞ்சும். எஞ்சியதை நிறுங்கள். நூற்றுக்கு ஐந்து வீதம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பு அதை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வையுங்கள். குழாய் குழாயாகத் தெரியும். கரி அவ்வாறு தெரியாது. இது தங்களுக்குத் தெரியாததன்று. என்னிடம் கேள்வி கேட்பது சோதனை செய்வதை விட இலகுவாக இருந்திருக்கிறது.

முடிவு எதுவாயினும் எழுத்தில் அனுப்புங்கள், தாமதமின்றி.

பொ. மகாதேவி


கண்டி,
25.05.2024

அன்புள்ள அக்கா,

செய்து பார்த்தேன். ஐந்து துண்டிலும் நாலே முக்காலுக்கும் ஐந்துக்கும் இடையில் எஞ்சியது. படமும் எடுத்தோம். எல்லாம் குழாய்தான், நான் வாங்கித் தந்த அதே குழாய். கரி ஒரு துணுக்கும் இல்லை.

மன்னியுங்கள். லவீனாவிடமும் சொல்லுங்கள். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, நான்கு நாளாக இந்த வரியிலேயே நிற்கிறேன். பயத்தில் எழுதினேன். பயத்தில் கையில் அகப்பட்டவர் நீங்கள்.

அப்படியானால் பிழை 2022இன் தகட்டில்தான். அது கையில் இல்லை; அளந்த துண்டை இழுத்து உடைக்கும் சோதனைக்குக் கொடுத்து முடித்துவிட்டோம். நான் யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. நாங்கள் அளந்த நாளில் மின்சாரம் வந்து வந்து போனது. மின்பிறப்பாக்கியில் கருவியை ஓட்டினோம். கருவியை மறுபடி அளவுத்திருத்தம் செய்யாமல் தொடர்ந்திருக்கலாம். எனவே "அளவீட்டில் தவறு" என்று எழுதி, கட்டுரையை நானே மீளப் பெறப் போகிறேன். பழி முழுக்க என்னோடு. உங்கள் பெயர் எங்கும் வராது, அதற்கு நான் பொறுப்பு. உங்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை இதுவாவது என்று நினைக்கிறேன்.

வரைவு தயாராகிறது.

உங்கள்,
பிரகலாதன்


அச்சுவேலி,
03.06.2024

கலாநிதி அவர்களுக்கு,

மன்னிப்பை லவீனாவிடம் சொன்னேன். "ஓம்" என்றாள்.

அளவீட்டில் தவறு என்கின்றீர்கள். அன்று அதே கருவியில், அதே பிறப்பாக்கியில், ஒரு மில்லிமீற்றர்த் தகடுகள் மூன்றையும் அளந்தீர்கள். அவை பதினாறு, பதினைந்து, பதினாறு. அவை சரி, இரண்டு மில்லிமீற்றர் மட்டும் பிழை என்றால் அது விநோதமான பிறப்பாக்கி.

அந்த இரண்டு மில்லிமீற்றர்த் தகட்டில் தாங்கள் வெட்டி எடுத்தது போக உள்ளங்கையளவு துண்டு ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது. அதை நான் பார்க்க வேண்டும். பார்த்து எழுதும்வரை எதையும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றேன்.

பொ. மகாதேவி


கண்டி,
14.06.2024

அன்புள்ள அக்கா,

தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தத் துண்டை வைத்து ஒன்றும் ஆகப் போவதில்லை. துறைத் தலைவரோடு கதைத்தேன். "அளவீட்டுத் தவறு" என்றால் யாருக்கும் நடக்கக் கூடியது, பதவி உறுதிக்கும் பெரிதாகப் பாதிப்பில்லை என்றார். ஆனால் தகடு வெளியில் செய்யப்பட்டது என்று வந்தால் அது வேறு கதை. கட்டுரையில் அழுத்தியது எங்கள் ஆய்வுகூடத்தில் என்று இருக்கிறது. நான்தான் அப்படி எழுதினேன். அந்த நேரம் அழுத்தி பழுது என்று எழுதினால் கட்டுரையை எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். "வெட்டித் தந்த" என்று போட்டதும் அதனால்தான். இப்போது நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

இப்படியே முடிந்தால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நாளைக்கு ஒருவரும் அச்சுவேலிக்கு வந்து உங்கள் தொழிற்கூடத்தைத் துருவ மாட்டார்கள். உங்களைக் காப்பாற்றத்தான் இவ்வளவும். இந்த மாத முடிவில் அனுப்பிவிடுவேன். சரி என்று ஒரு வரி போடுங்கள் போதும்.

பிரகலாதன்


அச்சுவேலி,
24.06.2024

மதிப்பிற்குரிய கலாநிதி பிரகலாதன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் கேட்ட ஒரு வரியை என்னால் எழுத இயலவில்லை. இக்கடிதம் நீளமாகின்றது, பொறுத்து வாசியுங்கள்.

அந்தத் துண்டைப் பதினைந்தாம் திகதி அரம் வைத்து விளிம்பில் சுரண்டினேன். வெட்டியபோது கறுப்பு இழுபட்டு மூடியிருந்த இடத்தில், நடுவே, மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. சூட்டுத் தட்டில் வைத்து இளகச் செய்து, லவீனா ஒரு பக்கத்தைக் குறட்டால் பிடிக்க, நான் மறுபக்கத்தை இழுத்தேன். தகடு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே வெள்ளிநிறத் தாள். அதன் மேல் நீல மையில் ஒரு பசுவின் காதும் பாதிக் கண்ணும். பால்மாப் பைக்கற்றின் துண்டு.

இனி 2022 பங்குனியை நினைவூட்டுகின்றேன். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. அழுத்தி சூடேறுவதற்கே ஒரு மணித்தியாலம் செல்லும். ஆகவே ஒரே சூட்டில் நான்கு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்தினோம். அவை ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க இடையில் ரெப்லோன் தாள் வைக்க வேண்டும். எங்களிடம் இருந்தது கிழிந்துவிட்டது. கொழும்பில் கேட்டேன், இறக்குமதி இல்லை என்றார்கள். அயல் வீடுகளில் சேர்த்து வைத்திருந்த பால்மாப் பைக்கற்றுகளை வாங்கி, கழுவி, விரித்து, இரண்டாக மடித்து இடையில் வைத்தோம். நன்றாகவே கழன்று வந்தன. வரிசையில் நின்றுதான் பால்மா வாங்கிய காலம். பைக்கற்றும் கிடைக்காத பொருளாயிற்று. ஒருநாள் மடிக்கப் போதாமல் ஒற்றைத் தாளாக வைத்தோம். அன்று இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டன. ஓரத்தை இழுத்தேன், தாள் கிழிந்து கொஞ்சம் கையோடு வந்தது.

லவீனா அப்போதே சொன்னாள்: "அக்கா, மிச்சப் பேப்பர் உள்ளுக்கை நிண்டுட்டுது. உது வேண்டாம், திருப்பி அடிப்பம்." நான், "உருகிக் கலந்திருக்கும், விடு" என்றேன். மின்சாரம் போக இருபது நிமிடம் இருந்தது. தாங்கள் அடுத்த நாள் வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். இரண்டு மில்லிமீற்றரில் ஒரு தகடு வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒட்டிய இரண்டும் சேர்ந்து சரியாக இரண்டு மில்லிமீற்றர் இருந்தன.

அந்தப் பைக்கற்றின் மினுக்கம் அலுமினியம் என்பது எனக்குத் தெரியும். அலுமினியம் நூற்றுத் தொண்ணூறு பாகையில் உருகாது என்பதும் தெரியும். அலையைத் தடுத்தது நுண்குழாய் அன்று. பசுவின் படம் போட்ட அந்த உலோகப் பூச்சு. ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீற்றருக்குப் போனதும் பதினாறு ஐம்பத்தெட்டாகப் பாய்ந்ததற்குத் தாங்கள் மூன்று பக்கத்தில் காரணம் எழுதியிருந்தீர்கள்: உட்தெறிப்பு, வலைப்பின்னல், இன்னும் என்னவோ. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை வாசித்து, என் கையால் செய்த பொருளுக்குள் இத்தனை இருக்கிறதா என்று மூன்று நாள் பெருமையோடு திரிந்தேன். அப்போதும், சித்திரையில் தெரியாது என்று தங்களுக்கு எழுதியபோதும், அந்தத் தாளை இதனோடு நான் இணைத்துப் பார்க்கவில்லை.

ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் என் குற்றம் இருக்கிறது. மறந்து போனதால் அன்று. தாங்கள் வெள்ளைச் சட்டையோடு வந்து நிற்கையில், "இது பால்மாப் பைக்கற்று வைத்து அழுத்தியது" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பட்டமில்லாதவள் அப்படித்தான் செய்வாள் என்று நினைத்துவிடுவீர்கள் என்று அஞ்சினேன். என் குறிப்புப் புத்தகத்திலும் "இரண்டு மில்லிமீற்றர், ஒன்று" என்று மட்டுமே எழுதினேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பொய் எழுத மாட்டேன். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

லவீனா துண்டைப் பார்த்துவிட்டு, "அண்டைக்கே சொன்னனான்" என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "அவருக்கு எழுதுங்கோ, எனக்கேன் சொல்லுறியள்" என்றாள். பின்பு, "எழுதாமல் விட்டாலும் ஒருத்தருக்கும் தெரியப் போறேல்லை அக்கா. அவரே தன்ரை தலையிலை போடுறன் எண்டு நிக்கிறார்" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. இரண்டு நாள் அதை யோசித்தேன். தங்கள் பதினான்காம் திகதிக் கடிதம் மூன்றாம் நாள் வந்தது.

என்னைக் காப்பாற்றுவதாக எழுதியிருக்கின்றீர்கள். நன்மை வந்தபோது என் பெயரை எடுத்தீர்கள்; அதற்கு ஒழுங்கு என்று பெயர். தீமை வந்தபோதும் எடுக்கின்றீர்கள். அதற்கு மரியாதை என்று பெயர். இரண்டிலும் அந்தத் தகட்டை ஒருவரும் செய்யவில்லை. அது தானாக அழுத்தப்பட்டு, தானாகப் பிழையாகிப் போயிற்று. அதை நான் ஏற்க மாட்டேன். அந்தத் தகட்டைச் செய்தவள் நான். நுண்குழாயைப் பரவச் செய்த கையும் என்னுடையது, பைக்கற்றை உள்ளே விட்ட கையும் என்னுடையது. ஒன்றை மட்டும் கேட்டு வாங்க நான் பழகவில்லை.

பிரிந்த துண்டின் ஒரு பாதியைத் தாளோடு இதனுடன் அனுப்பியிருக்கின்றேன். மறுபாதி என்னிடம் இருக்கும். மீளப்பெறும் அறிவித்தலில் பின்வரும் கூற்று வர வேண்டும். ஆங்கிலத்தில் பெயர்ப்பது தங்கள் பொறுப்பு, அனுப்புமுன் பெயர்ப்பை எனக்குக் காட்ட வேண்டும்:

"இக்கட்டுரையிலுள்ள தகடுகள் அனைத்தும் ஆய்வுகூடத்தில் அன்றி, அச்சுவேலியிலுள்ள தொழிற்கூடத்தில் பொன்னம்பலம் மகாதேவியால் தயாரிக்கப்பட்டவை. இரண்டு மில்லிமீற்றர்த் தகட்டினுள் அலுமினியம் பூசிய பொதித்தாள் ஒன்று தங்கியிருந்தது. அதை அறிந்திருந்தும் அவர் ஆய்வாளருக்குத் தெரிவிக்கவில்லை. ஐம்பத்தெட்டு டெசிபெல் என்ற பெறுமானம் அதனால் ஏற்பட்டது. ஒரு மில்லிமீற்றர்த் தகடுகளின் பெறுமானங்களும், கலக்கும் முறையும் சரியானவை."

கடைசி வாக்கியத்தை வெட்ட வேண்டாம். கொரியாக்காரர் நான்கு தரம் செய்தும் முப்பதைத் தாண்டவில்லை என்றீர்கள். முப்பதுக்குக் கிட்ட அவர்களைக் கொண்டு வந்தது அந்தக் கலக்கும் முறைதான்.

இது தங்கள் பதவியைப் பாதிக்கும் என்பதை அறிவேன். தாங்கள் எழுதிய "எங்கள் ஆய்வுகூடத்தில்" என்ற பொய்யும் இதனோடு வெளிவரும். அதற்காக நான் மகிழவில்லை. வருந்துகிறேன் என்றும் எழுத முடியவில்லை. என்னைத் தேடி ஆட்கள் வந்தால் வரட்டும். அழுத்தியைக் காட்டுவேன். பைக்கற்றையும் காட்டுவேன்.

ஆடி பதினைந்தாம் திகதிக்குள் தாங்கள் இதை அனுப்பாவிடின், இதே கூற்றையும் என்னிடமுள்ள பாதியின் படத்தையும் நானே பதிப்பாசிரியருக்கு அனுப்புவேன். அவருடைய முகவரி கட்டுரையின் முதற் பக்கத்தில், தங்கள் பெயருக்குக் கீழே இருக்கிறது.

விரைவாகப் பதில் எழுதவும்.

இங்ஙனம்,
பொன்னம்பலம் மகாதேவி